மழைக்கு முன் எழுதிய தீர்ப்புகள்

மரக்காணத்தில் உப்புக்குக் கெடு வைப்பது மழை. தையில் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, கழிநீரை ஏற்றிக் காயவிட்டு, மாசி பங்குனியில் வாரத் தொடங்கினால் புரட்டாசி வரை வேலை ஓடும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் விரிந்து கிடக்கும் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளத்தில் நடுவே ஒரு கோடை மழை அடித்தாலும் போதும், பாத்தியில் பூத்ததெல்லாம் கரைந்துவிடும். வானம் கறுத்தால் வாருபலகையோடு நிற்கிற பெண்கள் கல் திரண்டதா, இன்னும் இரண்டு நாள் விடலாமா என்று யோசிப்பதில்லை. “கெடச்ச வரைக்கும் கரையேத்திடணும் சார். நல்லது கெட்டதுலாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் ஓர் அம்மா, பலகையை நிறுத்தாமலே. அப்படி வாரியது பொடியாக இருக்கும், அடிச்சேறு கலந்து பழுப்படித்திருக்கும், விலையும் இறங்கும். ஆனாலும் வரப்பேறியதுதான் உப்பு.

பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளை இந்த ஊரில் இருந்துகொண்டு படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அவருடைய அவசரத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, எழுத்து இருந்த இடத்தில் பூச்சியின் வழிதான் மிச்சம் என்று அவர் புலம்பிய பகுதி பலருக்கும் தெரிந்தது. தமிழ்ப் பதிப்பு வரலாறு பேசுகிறவர்கள் அதைத் தவறாமல் எடுத்துக்காட்டி, கண்ணீர் விட்டு, அடுத்தபடி உ.வே.சாமிநாதையரிடம் போய்விடுவார்கள். ஆறுமுக நாவலர் அடித்தளம், பிள்ளை சுவர், ஐயர் கூரை என்று ஒரு கட்டட உவமையும் வழக்கில் இருக்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சுவரை யாரும் தனியாக நின்று பார்ப்பதில்லை என்பது ஒரு காரணம். பிள்ளை செய்த வேலையின் தன்மையே வேறு என்பது பெரிய காரணம். அவர் பத்திரிகைக்காரர், வழக்கறிஞர், நீதிபதி. மூன்று தொழிலையும் ஏட்டின் மேல் காட்டியவர்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832 செப்டம்பர் 12 அன்று பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ். வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் கணக்கும் பிறவும். இருபது வயதைத் தாண்டும்போதே நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டாயிற்று. பீட்டர் பெர்சிவல் பாதிரியார் சென்னையில் ‘தினவர்த்தமானி’ நடத்திக்கொண்டிருந்தார். பைபிள் மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரோடு உழைத்த அதே பெர்சிவல்தான். அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்கப் பிள்ளையைக் கடல் கடந்து வரவழைத்தார். சென்னைக்கு வந்த இடத்தில், 1857-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவரும் ஆனார். இன்னொருவர் கறல் விசுவநாத பிள்ளை, அவரும் யாழ்ப்பாணத்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தமிழ், கள்ளிக்கோட்டையில் பள்ளி, அரசாங்கக் கணக்கு அலுவலகம் என்று போகிறது வாழ்க்கை. உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1871-இல் பி.எல். தேறினார்.

வார இதழ் நடத்திய ஆளுக்கு ஒன்று ஊறிவிடும். இதழ் ஒருநாளும் முழுமையாவதில்லை. நாள் வந்ததும் அச்சுக்குப் போய்விடுகிறது. தப்பு இருந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். போடாத இதழுக்குத் திருத்தம் கிடையாது. தினவர்த்தமானியில் பிள்ளை எத்தனை காலம் இருந்தார், என்ன எழுதினார் என்பதைக் காட்டிலும் இந்த ஒரு பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 1868-இல் நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். 1879-இல் நாவலர் காலமானார். அதற்குப் பிறகு பிள்ளையின் கை நிற்கவில்லை. 1881-இல் வீரசோழியம், 1883-இல் தணிகைப் புராணமும் இறையனார் களவியலும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். பத்தாண்டுகூட ஆகவில்லை. அதுவும் பகலில் கட்சிக்காரர்களையும் கோர்ட்டையும் பார்த்துக்கொண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழை அச்சுக்கு இழுத்துவந்தவர்களில் இத்தனை பேர் கோர்ட்டுப் படி ஏறியவர்களாக இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை நாவல் எழுதியதை எல்லாரும் சொல்வார்கள். சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று தமிழாக்கியதைக் குறைவாகவே சொல்வார்கள். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சாமிநாதையரிடம், இந்தப் பிரபந்தங்களையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் கேட்டுச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிவிட்ட சேலம் இராமசுவாமி முதலியாரும் அந்த ஊர் முன்சீப்தான். பத்திரிகைக்கும் நீதிமன்றத்துக்கும் இருந்த நெருக்கத்துக்கு இன்னொரு சாட்சி 1878: தி. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் ஏளனம் செய்ததற்குப் பதில் சொல்லத்தான் ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்களும் கடன் வாங்கி ‘ஹிண்டு’வின் முதல் இதழை அச்சடித்தார்கள், எண்பது பிரதி. முன்சீபுக்கு நிலையான சம்பளம் உண்டு என்பது ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஓலைப் பத்திரத்தையும் அடமானச் சீட்டையும் நாள்தோறும் கையில் புரட்டுகிறவனுக்கு, எழுத்து என்றாலே இது யார் கை, எங்கிருந்து வந்தது, யார் இடையில் திருத்தினார் என்று கேட்கிற புத்தி வந்துவிடுகிறது.

பிள்ளை பி.எல். தேறியதற்கு அடுத்த ஆண்டு, 1872-இல், இந்தியச் சாட்சியச் சட்டம் வந்தது. 2024 வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டத்தின் 90-ஆம் பிரிவை வக்கீல் குமாஸ்தாவும் மனப்பாடமாகச் சொல்வார்: முப்பது வருஷம் பழமையான ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்திருந்தால், மெய்யானது என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். பழமை மட்டும் போதாது. யார் வசம் இருந்தது என்பதும் வேண்டும். பிள்ளை தம் பதிப்புரைகளில் ஏடு தந்தவர்களைச் சொல்வதை வெறும் நன்றி நவிலலாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். மடத்து ஏடா, புலவர் வீட்டு ஏடா, அந்தப் புலவர் யாரிடம் பாடம் கேட்டார் என்பதெல்லாம் சாட்சியின் தகுதியைச் சொல்கிற சங்கதிகள். அவற்றை வைத்துக்கொண்டு பாடத்தைத் தீர்மானிக்கிறார். தீர்மானித்த பிறகு, ஏன் தீர்மானித்தேன் என்று எழுதுகிறார். தமிழில் நூலுக்குப் பாயிரம் உண்டு, சிறப்புப் பாயிரம் உண்டு, புகழ்ச்சிப் பாட்டு வண்டி வண்டியாக உண்டு. முடிவையும் காரணத்தையும் உரைநடையில் பக்கம் பக்கமாக எழுதி, எதிர்வாதிக்கும் இடம் விட்டுக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அவருக்கு முன் அரிது. ‘தாமோதரம்’ என்று தொகுத்துக் கொடுத்திருக்கும் அந்தப் பதிப்புரைகளைத் தமிழ்க் கட்டுரை இலக்கியத்தின் தொடக்க நூல்களில் ஒன்றாக வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நடை இனிமையானது என்று சொல்லமாட்டேன். வாக்கியம் மூச்சு வாங்கும். சமஸ்கிருதம் கொட்டிக் கிடக்கும். எதிராளியைக் கிண்டல் செய்யத் தொடங்கினால் வக்கீல் குறுக்கு விசாரணையில் இறங்கிவிட்டார் என்று புரிந்துகொள்ள வேண்டும். தம் பிரயாசத்தைத் தாமே மெச்சிக்கொள்ளும் இடங்களும் உண்டு. அவர் பட்ட நஷ்டத்தைப் பார்த்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வீரசோழியத்தை அவர் கையில் எடுத்ததே எனக்கு வியப்பாக இருக்கிறது. கிறிஸ்தவக் கல்வியில் வளர்ந்து சைவத்துக்குத் திரும்பியவர். ‘சைவ மகத்துவம்’ என்று நூல் எழுதுகிற அளவுக்குப் பற்றுள்ளவர். வீரசோழியமோ புத்தமித்திரர் செய்த பௌத்த இலக்கணம். பின்னாளில் பதிப்பித்த சூளாமணி ஜைன காவியம். அந்தக் காலத்துச் சைவப் புலவர்களில் பலர் ஜைன நூலைக் கையால் தொடவும் கூசியவர்கள். பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இல்லை. வாதி எந்த மதம் என்று பார்த்து வழக்கைக் கோப்பில் எடுக்கிறவர் இல்லை அவர். வீரசோழியப் பதிப்புரையில் தமிழின் வரலாற்றை எட்டுக் காலங்களாகப் பிரிக்கிறார். அதில் சமணகாலம் என்று ஒன்று, இதிகாசகாலம், ஆதீனகாலம் என்று வேறு. அவர் போட்ட ஆண்டுக் கணக்குகள் இன்று ஒரு நாழிகை நிற்காது. ஆனால் தமிழ் இலக்கியத்தைப் புராணமாகச் சொல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலங்களாகச் சொல்லலாம் என்று 1881-இல் ஒருவர் துணிந்தார். தேதி தவறு, வழக்கு சரி.

தவறு என்றால் பொருளதிகாரத்தில் நடந்ததுதான் பெரிய தவறு. 1885-இல் அதை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். முழுதும் நச்சினார்க்கினியர் என்றே நம்பி அச்சிட்டார். பின் இயல்களில் உள்ள உரை பேராசிரியருடையது என்பதை ரா. இராகவையங்கார் பிற்பாடு எடுத்துக்காட்டினார். நடை வேறு, மேற்கோள் காட்டும் முறை வேறு, நச்சினார்க்கினியரே வேறிடங்களில் சொல்வதோடு முரண்பாடு. இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்லலாம். அவசரக்காரர் ஆளை மாற்றி அடையாளம் காட்டினார், ஒரு தலைமுறை தவறாகப் படித்தது என்று ஒன்று. அச்சில் வந்ததால்தான் இராகவையங்கார் மேசைமேல் வைத்து வரிவரியாக ஒப்பிட முடிந்தது என்று இன்னொன்று. ஏட்டில் இருந்த காலமெல்லாம் யாருக்கும் சந்தேகம் வந்து எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. நான் இரண்டாவது கட்சி. என்றாலும் முதல் கட்சிக்காரரை வாய் மூடச் சொல்லமாட்டேன். முதல் பதிப்பில் ஏறிய பிழை பாடநூலுக்குப் போய், உரைநூலுக்குப் போய், மாணவன் மண்டைக்குப் போய்க் குடியேறிவிடுகிறது. மேல் கோர்ட்டு மாற்றினாலும் கீழ் கோர்ட்டுத் தீர்ப்பை வைத்துச் சொத்தை விற்றவன் விற்றவன்தான்.

சாமிநாதையர் வேறு வகை. பிரதிபேதம் எல்லாவற்றையும் அடியில் போட்டு, அருஞ்சொல் அகராதி கட்டி, மேற்கோள் இடம் தேடி, அதன்பின்தான் நூலை வெளியே விடுவார். பிள்ளை கும்பகோணத்தில் வக்கீல் தொழில் பார்த்தபோது சிந்தாமணியை யார் அச்சிடுவது என்று இருவருக்கும் இடையே ஓர் இழுபறி இருந்தது. ‘என் சரித்திர’த்தில் ஐயர் அதைத் தம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். பிள்ளை தம் சரித்திரத்தை எழுதவில்லை, ஆகவே அவர் பக்கம் நமக்குக் கேட்பதில்லை. ஐயர் கையில் சிந்தாமணி போனது தமிழுக்கு நல்லதாயிற்று என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஐயரும் 1887 வரை எடுத்துக்கொண்டார். எல்லா ஏடும் அத்தனை காலம் காத்திருக்கும் நிலையில் இல்லை.

அதே 1887-இல் பிள்ளை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியானார். மன்னர் சிறுவர், ராஜ்யத்தை நடத்தியது திவான் சேஷையா சாஸ்திரி. அங்கே 1890 வரை இருந்து ஓய்வு பெற்றார். உப்பளத்தூரில் உட்கார்ந்து இந்த ஆண்டுகளைப் பார்க்கிறவனுக்கு ஒன்று கண்ணில் படாமல் போகாது. கம்பெனி 1805-இலேயே சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கடற்கரையை வளைத்தாயிற்று, உள்நாட்டில் உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சும் ஏழையின் உப்பு மட்டும் பாக்கி இருந்தது. புதுக்கோட்டைத் தர்பார் அந்த மண் உப்பையும் நிறுத்திக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகப் பிரிட்டிஷாரிடம் ஆண்டுதோறும் பணம் வாங்கிக்கொண்டது 1880-களின் பிற்பகுதியில். 1889-இல் மாகாணத்துக்கே புதிய உப்புச் சட்டம். நேற்றுவரை மண்ணைச் சுரண்டிய உப்பிலியர் குற்றவாளியானார். ஈட்டுத்தொகை அரண்மனைக்குப் போயிற்று. அந்த வழக்குகள் ஏதும் பிள்ளை முன் வந்தனவா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதே ஆண்டுகளில் அவர் மேசையில் இருந்த நூல் எது என்பதுதான் என்னை நிறுத்துகிறது.

அந்த நூல் கலித்தொகை. அதன் கடைசிப் பகுதி நெய்தற்கலி, 33 பாட்டு. கழி, கானல், தாழை, பிரிந்து போனவனை எண்ணிக் கடலோடு பேசும் பெண். மரக்காணம் அந்தத் திணைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர் கொள்வார்கள். அந்தப் பாட்டு அச்சில் வந்தது ஐயரின் 1889 பத்துப்பாட்டில். சோழர் கல்வெட்டு சுமந்த பூமீசுவரர் கோயில் இன்னும் ஊருக்குள் இருக்கிறது. நெய்தல் என்றால் இரங்கல் என்று வகுப்பில் எழுதிப் போடுவோம். உப்பு விற்றவர்களும் அந்தத் திணையின் மக்கள்தான், அவர்களுக்கு இரங்க நேரம் இருந்ததா என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. அது வேறு கட்டுரை. பிள்ளை கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனார் ஒருவரே பாடியதாகக் கொண்டு, ‘நல்லந்துவனார் கலித்தொகை’ என்றே பெயரிட்டு அச்சிட்டார். திணைக்கொரு புலவர், நெய்தல் மட்டும் நல்லந்துவனார் என்று சொல்லும் வெண்பா ஒன்று பின்னால் செல்வாக்குப் பெற்றது. பிறகு அந்த வெண்பாவின் வயதையே ஐயுற்று, பிள்ளை பக்கம் சாய்ந்தவர்களும் உண்டு. வழக்கு இன்னும் நிலுவையில்.

நீதிபதிகள் ஓய்வுக்குப் பிறகு எழுதுவது நம் காலத்தில் வழக்கமாகிவிட்டது. எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். நாகூர் மு. மு. இஸ்மாயில் வாலிவதத்தை ‘மூன்று வினாக்க’ளாக எடுத்துக்கொண்டு விசாரித்தார், நெருக்கடி நிலையின்போது சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணையமும் அவருடையதே. கே. சந்துரு 2006 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்து, பிரிவுபசாரம் வேண்டாமென்று சொல்லிவிட்டு மின்சார ரயிலில் வீடு போனவர். அவர் எழுதிய ‘அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்’, தம் தீர்ப்புகளை நீதிமன்ற மொழியிலிருந்து பிடுங்கிப் பொதுவாசகன் முன் வைக்கிற நூல். மூவரில் பிள்ளைக்கு நெருக்கமானவராக எனக்குப் படுபவர் சந்துருதான். இலக்கிய ரசனையால் அல்ல, வேகத்தால். ஆறரை ஆண்டில் 96,000 வழக்குகளை முடித்தார் என்பார்கள். இத்தனை வேகத்தில் நியாயம் தவறாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தாமதத்தில் நியாயம் தவறுவதைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. உப்பளக் கூலிப் பாக்கிக்கு வழக்குப் போட்டுவிட்டு வாய்தாவுக்கு நடப்பவருக்கு, பத்து வருஷம் கழித்து வரும் குறையில்லாத தீர்ப்பால் என்ன லாபம்?

ஓய்வு பெற்ற பிள்ளை சென்னையில் இருந்துகொண்டு 1891-இல் எழுத்ததிகாரத்தையும் நச்சினார்க்கினியர் உரையோடு கொண்டுவந்தார். 1895-இல் ராவ்பகதூர் பட்டம் வந்தது. 1901 ஜனவரி முதல் நாள் புரசைவாக்கத்தில் காலமானார். அந்த ஆண்டு செப்டம்பரில் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் தொடங்கினார். மறு ஆண்டு ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. பிள்ளை தனியாளாக, சொந்தக் காசில், கட்சிக்காரர் கொடுத்த பீஸில் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு நிறுவனமும் ஒரு பத்திரிகையும் வாய்த்தன. அவரை மறுத்து எழுதவும் இடம் வாய்த்தது.

கலித்தொகைக்கு மறு விசாரணை வர 38 ஆண்டு ஆயிற்று. இ. வை. அனந்தராமையர் 1925-இல் தொடங்கிப் பகுதி பகுதியாகக் கலித்தொகையைத் திரும்பப் பதிப்பித்தார். பிரதிபேதங்களும் ஒப்புமைப் பகுதிகளும் பக்கத்தின் அடியில் நெருக்கி நிற்கும். மூலத்தைவிட அடிக்குறிப்பு நீளமான பக்கங்கள் உண்டு. நெய்தற்கலியில் ஒரு சொல் இடறினால் நான் முதலில் திறப்பது அந்தப் பதிப்பைத்தான். பிள்ளையின் பாடம் சில இடங்களில் அங்கே தோற்றிருக்கிறது, சில இடங்களில் அசையாமல் நிற்கிறது. தோற்ற இடங்களிலும் அனந்தராமையர் வாதாடுவது பிள்ளை அச்சிட்ட வரியோடுதான்.